ஈபி கனெக்‌ஷன் காலமான அப்பா பெயரில் இருக்கிறது: சோலார் மானியம் கிடைக்குமா?

மொட்டைமாடி (கேள்வி கேட்டவர்)

வணக்கம். திருச்சியில் எங்களுக்குத் தனி வீடு. அம்மா, நான், மனைவி, ஒரு குழந்தை. ஈபி கனெக்‌ஷன் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. பில்லை ஆன்லைனில் கட்டிவிடுவதால் பெயர் மாற்றுவது பற்றி யாருக்கும் தோன்றவே இல்லை.

போன மாதம் ஒரு சோலார் வெண்டர் வந்து மாடியைப் பார்த்தார். 3 கிலோவாட் போடுங்கள், 2,10,000 ரூபாய் ஆகும், மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் வந்துவிடும், நாலே வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்றார். பெயர் விஷயத்தைச் சொன்னேன். "அது ஒன்றும் பிரச்சினை இல்லை, அப்பாவின் ஆதாரையும் பழைய பாஸ்புக்கையும் கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். 50,000 அட்வான்ஸ் கேட்கிறார். எனக்கு அது உறுத்துகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கோடையில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வரும், மற்ற நேரத்தில் 430 பக்கம். லோடு (இணைப்புக்கு அனுமதித்த அளவு) 2 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ். சோலார் போட்டால் 100 யூனிட் இலவசம் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா? அப்பா பெயரிலேயே விண்ணப்பித்தால் என்ன ஆகும்?

நெட்மீட்டர் வீடு

இலவச யூனிட் பயத்தை முதலில் விடுங்கள். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் வருகிற அந்த 100 யூனிட், எங்கள் வீட்டில் சோலார் போட்ட பிறகும் வருகிறது. ஈபி போர்டிலிருந்து வாங்கியதில் நாம் அனுப்பியதைக் கழித்து மிஞ்சும் யூனிட்டில் முதல் 100க்குக் காசு இல்லை. நாம் அனுப்பியது அதிகமாக இருந்தால் மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகிறது.

அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மானியம் வெண்டருக்கு வராது. வேலை முடிந்து, நெட் மீட்டர் (வாங்குவதையும் அனுப்புவதையும் அளக்கும் மீட்டர்) மாட்டி, ஆய்வு முடிந்த பிறகு விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். உங்கள் அப்பாவின் கணக்கு இப்போது உயிரோடு இருக்கிறதா?

மொட்டைமாடி

இல்லை, அப்போதே மூடிவிட்டோம். வெண்டர் பழைய பாஸ்புக்கைக் கேட்டது அதனால்தான் புரியவில்லை.

பழைய கணக்கீட்டாளர்

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் வீடு வீடாக ரீடிங் எடுத்தவன் சொல்கிறேன், இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இறந்தவர் ஆதாரை வைத்து விண்ணப்பம் போடுவது தவறான தகவல் கொடுப்பதுதான். வெண்டர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், கேள்வி வந்தால் அது உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

விண்ணப்பம் உங்கள் சர்வீஸ் நம்பரை வைத்துத்தான் தொடங்கும். அந்த நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரும், மானியம் போக வேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்ததற்கே அலைந்தவர்களை எனக்குத் தெரியும். உங்களுடையதில் ஆளே வேறு. பேனல் ஏறிவிடும், மின்சாரம் வரும், மானியம் மட்டும் நின்றுவிடும். அந்த நிலையில் பெயர் மாற்றப் போனால் எல்லாக் காகிதத்தையும் மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் பெயர் மாற்றம். இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் கொடுப்பார். அது ஏற்கனவே கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதனுடன் இறப்புச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், எல்லாம் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்குப் போடலாம். போவதற்கு முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

யார் பெயருக்கு மாற்றுகிறீர்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறவர் பெயருக்குப் போவது நல்லது.

மொட்டைமாடி

ஐயா, மிக்க நன்றி. வாரிசு சான்றிதழ் இருக்கிறது, அப்பாவின் பென்ஷனுக்காக எடுத்தது. அம்மா, நான், கோவையில் இருக்கும் அக்கா, மூன்று பேர். அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அக்கா வீட்டில் ஒரு தயக்கம். ஈபியை அம்மா பெயருக்கு மாற்றினால் பிற்பாடு வீட்டுப் பங்கில் சிக்கல் வருமோ என்று மாமா கேட்கிறார்.

பழைய கணக்கீட்டாளர்

ஈபி கனெக்‌ஷன் பெயர் வீட்டுக்கான உரிமை ஆகாது. மின்சாரம் யாருக்குக் கொடுக்கப்படுகிறது, பில்லுக்கு யார் பொறுப்பு என்பதுதான் அதில் இருக்கிறது. பங்கு வாரிசு உரிமைப்படிதான். மாமாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கேட்பதில் தப்பில்லை, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். கடிதத்தில் 'மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி.

கணக்கு டீச்சர்

பெயர் விஷயத்தை ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் 3 கிலோவாட் பற்றிக் கேட்கிறேன். உங்களுக்கு அது எதற்கு?

மானியம் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 தான். கடைசியாகச் சேர்க்கிற கிலோவாட்டுக்குத்தான் உதவி மிகக் குறைவு.

நம் பக்கம் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனி, சித்திரையில் நன்றாக வரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். உங்கள் கோடை பில் 620. மிஞ்சுவது 140, அதில் 100 இலவசம். காசு கொடுக்க வேண்டியது 40 யூனிட்டுக்கு. மற்ற நேரத்தில் 430 தான், கொடுக்க எதுவுமே இல்லை, கொஞ்சம் மிச்சமும் சேரும். அதாவது நமக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால் பூஜ்யம் வரை இறங்கத் தேவையில்லை. இதை எந்த வெண்டரும் சொல்ல மாட்டார்.

இப்போது எவ்வளவு கட்டுகிறீர்கள்? 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தில் கணக்குப் போடுகிறேன், அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. 430 யூனிட்டுக்கு 1,305 ரூபாய். 620க்கு 2,930. 500ஐத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான 2.25 ரூபாய் சலுகையும் போய் 4.50 ஆகிவிடும், அதனால்தான் கோடை பில் இப்படிக் குதிக்கிறது. வருடத்தில் இரண்டு கோடை பில், நான்கு சாதா பில் என்று வைத்தால் மொத்தம் 11,080. சோலார் முழுக்க மிச்சப்படுத்தினாலும் வருடத்துக்கு அவ்வளவுதான்.

3 கிலோவாட்டுக்கு மானியம் போக 1,32,000 உங்கள் கையிலிருந்து. பணம் திரும்ப 12 வருடம் ஆகும். இப்போதைய கட்டணத்தில் கொஞ்சம் குறையலாம், ஆனால் நாலு வருடம் என்பது நடக்காத கதை. 2 கிலோவாட்டுக்கு ஒரு விலை வாங்கிப் பாருங்கள்.

நெட்மீட்டர் வீடு

ஏசி வாங்கப் போகிறார்கள், மின்சார ஸ்கூட்டர் வரப் போகிறது என்றால் 3 தான் சரி, டீச்சர். நாங்கள் 2 போட்டுவிட்டு இப்போது வருத்தப்படுகிறோம்.

கணக்கு டீச்சர்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வரப்போகிறது என்று தெரிந்தால் மட்டும். இவர் வீட்டில் அப்படி ஏதும் சொல்லவில்லையே.

மொட்டைமாடி

இப்போதைக்கு ஏசி எண்ணம் இல்லை. அம்மாவுக்கு ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது. 2 கிலோவாட்டே போதும் என்று முடிவு. லோடும் 2 தான், அதை உயர்த்த வேண்டுமோ என்ற சந்தேகமும் தீர்ந்தது.

பழைய கணக்கீட்டாளர்

லோடு பற்றி ஒரு வார்த்தை, வேறு யாராவது படிக்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான கூரை சோலார் விண்ணப்பம் முழுமையாக இருந்தால், தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அதற்கேற்ப லோடு உயர்த்த வேண்டியிருந்தால் அதையும் மின் விநியோக நிறுவனமே செய்ய வேண்டும். ஆகவே லோடு குறைவு என்று யாராவது திருப்பி அனுப்பினால் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

வயரிங் வேலைக்காரர்

மூன்று விஷயம். ஒன்று, மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதில் உள்ள செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும், டிசிஆர் பேனல் என்பார்கள். விலை சற்று அதிகம், அதனால் சிலர் சாதாரண பேனலை மாட்டிவிடுவார்கள். கொட்டேஷனில் டிசிஆர் என்று எழுதி வாங்குங்கள், இறக்கும்போது சீரியல் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு மொத்தமாக 8.9 சதவீதம் வரும், முன்பு 13.8. பழைய கொட்டேஷன் அப்படியே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வெயில் அடித்தாலும் விசிறி சுற்றாது. வீட்டில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மொட்டைமாடி (ஏழு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நிலவரம் சொல்ல வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஐயா சொன்ன மாதிரி 'மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மட்டும்' என்று எழுதியதைப் பார்த்ததும் மாமாவும் சரி என்றார். பெயர் மாறி, அம்மா பெயரில் முதல் பில் வந்துவிட்டது. அதைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பது வருடமாக அந்தக் கார்டில் அப்பா பெயரைப் பார்த்தவர்.

பழைய வெண்டரை விட்டுவிட்டேன். மானியத் திட்டத்தின் தேசிய போர்ட்டலில் பதிவு செய்த வேறு இருவரிடம் விலை வாங்கினேன். 2 கிலோவாட் டிசிஆர், ஐந்து வருடப் பராமரிப்பும் சேர்த்து 1,48,000. மானியம் போக 88,000. டீச்சர், உங்கள் கணக்குப்படி எட்டு வருடம். அம்மா பெயரில் விண்ணப்பித்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பேனல் வியாழக்கிழமை வருகிறது.

ஒரு கடைசிச் சந்தேகம். பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரைத் தாழ்வாகப் போட்டால் 6,000 குறையும் என்கிறார். உயரமாகப் போட வேண்டுமா? மாடியில்தான் துணி காய வைக்கிறோம், வடாமும் அங்கேதான்.

வயரிங் வேலைக்காரர்

உயரமாகவே போடுங்கள். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரம் இருந்தால் பேனலைக் கழுவவும் வசதி, மாடியும் உங்களுடையதாக இருக்கும். ஆனால் கொடியைப் பேனலுக்குத் தெற்கே கட்டாதீர்கள், ஈரப் புடவையின் நிழல் விழுந்தால் உற்பத்தி குறையும். காற்றடிக்கும் ஊர், போல்ட்டுகளை வேலை முடிந்த அன்றே நீங்களும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மொட்டைமாடி

சரி அண்ணா. கொடியை வடக்குப் பக்கம் மாற்றிவிடுகிறேன்.