கரண்ட் வந்தது, மோட்டார் தானா ஓடிச்சு: உங்க போர்டு உங்களைப் பயமுறுத்தின கதை இருந்தா எழுதுங்க

மொட்டைமாடி

நாலு மாசம் ஆச்சு. இன்னும் அந்த "டக்" காதுல இருக்கு.

செட்டப் நீங்க எல்லாரும் பண்ணதுதான். நோட்எம்சியு (வைஃபை இருக்குற குட்டிக் கம்பியூட்டர் போர்டு), ஒரு ரிலே (போர்டு சொன்னா சேர்ற, பிரியிற ஸ்விட்ச்), சம்ப்ல இருந்து மேல ஏத்துற அரை எச்பி மோட்டார். பழைய ராஸ்பெரி பைல (கையளவு கம்பியூட்டர்) மஸ்கிட்டோ, அதாவது எம்க்யூடிடி-ங்கிற முறையில வர்ற மெசேஜை வாங்கி போர்டுக்குக் குடுக்குற புரோக்கர் சாஃப்ட்வேர், அதுக்கு முன்னாடி நானே எழுதின ஒரு வெப் பேஜ், ஆன் ஆஃப்னு ரெண்டு பட்டன். 20 நிமிஷம் ஓடினா போர்டே மோட்டாரை நிறுத்திடும். பையும் ரவுட்டரும் இன்வெர்ட்டர்ல, போர்டு மட்டும் நேரா ஈபி லைன்ல.

ராத்திரி கரண்ட் போய் ரெண்டு மணி வாக்குல வந்துது. இன்வெர்ட்டர் ஒரு சத்தம் போட்டு மாறிச்சு, நான் திரும்பிப் படுத்தேன். பத்து செகண்ட் இருக்கும். மாடிப்படிக்குக் கீழ "டக்". அப்புறம் மோட்டார் உறுமுது. போன் என் தலைமாட்டுல, ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கு. யாரும் எதையும் அமுக்கல. அம்மா எழுந்து வந்து "எவன்டா இந்நேரத்துல தண்ணி ஏத்துறது"ன்னு கேக்குறாங்க, என்கிட்ட பதில் இல்ல. தொட்டி சாயங்காலமே நிறைஞ்சது. வழியிற குழாய்த் தண்ணி பக்கத்து வீட்டு ஓட்டு மேல மழை மாதிரி கொட்டுது, அவங்க வீட்டு லைட் எரியுது.

காரணம் மறுநாள்தான் தெரிஞ்சுது. "ஆன்" மெசேஜை ரீடெயின் போட்டு அனுப்பியிருக்கேன். போர்டு தானா நிறுத்தினது புரோக்கருக்குத் தெரியாது. அது கடைசியா வந்த "ஆன்"-ஐ மடியில வெச்சுக்கிட்டு காத்திருந்து, போர்டு திரும்ப வந்ததும் கையில குடுத்திருக்கு.

பழைய_வயர்மேன்

ஃப்ளோட் ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கு தம்பி, தண்ணி ஏறினா மிதந்து தானா அணைக்கும். கம்பியூட்டர் வேணாம், வைஃபை வேணாம்.

என் கதை ரெண்டு வரிதான். மச்சான் வீட்டுல இதே மாதிரி நீல ரிலே. பேஜ்ல "ஆஃப்"னு சிவப்பா காட்டுது, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. போனைக் காட்டி "ஆஃப் ஆயிடுச்சு மாமா, பாருங்க"ன்னு எங்கிட்டயே வாதாடினான். காதுல சத்தம் கேக்குது, இவன் ஸ்கிரீனை நம்புறான். கழட்டிப் பாத்தா ரிலே முனை ரெண்டும் பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு.

இப்ப எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த ரிலே மேல 10 ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கும், அது பல்புக்குச் சொன்னது. அரை எச்பி மோட்டார் ஓடும்போது 3, 4 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனா கிளம்புற அந்த நொடியில அஞ்சாறு மடங்கு. அணைக்கும்போது காயில் திருப்பி உதைக்கும், பொறி பறக்கும். அதனால ரிலே கான்டாக்டரோட (மோட்டாருக்குன்னே இருக்குற பெரிய ரிலே) காயிலை மட்டும் இழுக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இழுக்கட்டும். கான்டாக்டர்ல கூடுதல் முனை ஒண்ணு இருக்கும், மோட்டார் நிஜமாவே சேந்திருக்கான்னு அதுல இருந்து போர்டுக்குத் திருப்பிக் குடுங்க. அதுல 230 வோல்ட் வராம பாத்துக்கங்க, போர்டுக்கு 3.3 வோல்ட் மேல ஆகாது. அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா நிறுத்துற ஓவர்லோடு ரிலே போடுங்க. எர்த் இல்லாம எதையும் தொடாதீங்க. பிரெட்போர்டை (சால்டர் இல்லாம வயர் குத்துற பலகை) மோட்டார் பெட்டிக்குள்ள வெக்கிற பசங்களை நான் பாத்திருக்கேன், ஜம்பர் வயர் அதிர்வுக்குத் தானா கழண்டு வரும். சம்ப்ல தண்ணி இல்லாம ஓடினா சீல் போகும், அதுக்குத் தனியா ஒரு ஃப்ளோட். இதெல்லாம் பண்ணிட்டு அப்புறம் போன்ல பட்டன் வெச்சுக்கங்க, நான் வேணாங்கல.

பல்லி_பலன்

ஃப்ளோட் ஸ்விட்ச் போரடிக்குதுன்னு தொட்டி மூடியில அல்ட்ராசோனிக் சென்சார் (சத்தம் அனுப்பி எதிரொலியில தூரம் அளக்குறது) வெச்சேன். காலையில குழாய்ல காத்துதான் வருது. பேஜ் 100 சதம்னு காட்டுது. மூடியைத் தூக்கினா அந்த எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரோட ரெண்டு கண்ணுக்கும் கீழ ஒரு பல்லி ஒட்டிக்கிட்டு என்னைப் பாக்குது. சென்சாருக்குத் தண்ணியும் பல்லி முதுகும் ஒண்ணுதானே, எதிரொலி வந்தா போதும்.

வீட்டுல அன்னைக்கு யாரும் குளிக்கல.

குட்டி_சர்வர்

மொட்டைமாடி, உங்க ரீடெயினாச்சும் நீங்க போட்டது. நான் புரோக்கரே வேணாம்னு போர்டுலயே வெப் சர்வர் வெச்சேன். 192.168.1.50, சாய்கோடு, ஆன். இந்த முகவரியைத் திறந்தா பூஜை ரூம் லைட் எரியும். அவ்வளவுதான், என்ன தப்பு வரப்போகுது?

ஒரு நாள் லேப்டாப்ல அந்த முகவரியை டைப் பண்ணிக்கிட்டிருக்கேன். பாதிதான் அடிச்சிருக்கேன், என்டர் தட்டவே இல்ல. பூஜை ரூம் லைட் எரியுது. பிரவுசர் "இவன் இங்கதான் போவான்"னு கணிச்சு முன்கூட்டியே போய்ப் பாத்துட்டு வந்திருக்கு. அதுக்கு முன்னாடியே ரெண்டு வாரமா பாட்டி சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க, "சாமி ரூம்ல தானா வெளிச்சம் வருது"ன்னு. நாங்க யாரும் நம்பல. போன்ல விட்டுவெச்ச பழைய டேப் ரீலோடு ஆகுற ஒவ்வொரு தடவையும் எரிஞ்சிருக்கு. போய்ப் பாக்குறேன், பாட்டி அந்த போர்டுக்கு விபூதி பூசி வெச்சிருக்காங்க.

முகவரியைத் திறந்து பாக்குறது கெட், ஒண்ணை மாத்தச் சொல்லி அனுப்புறது போஸ்ட். கெட்-ல எதையும் மாத்தக் கூடாதுன்னு படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதிக்கூட இருக்கேன். இப்ப போஸ்ட்தான். விபூதி இன்னும் துடைக்கல.

சால்டர்_புகை

வயர்மேன் அண்ணே, ரிலே ஒட்டினதுக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்? ஃப்ளோட் ஸ்விட்ச் ஒட்டாதா?

மொட்டைமாடிக்கு: எம்க்யூடிடியைக் குறை சொல்லாதீங்க. அது 1999-ல ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியா கவனிக்கிறதுக்காக எழுதினது. லைன் விட்டு விட்டுத்தான் வரும்னு தெரிஞ்சே எழுதினாங்க. புதுசா வர்றவனுக்குக் கடைசி நிலவரம் உடனே தெரியணும், அதுக்குத்தான் ரீடெயின். "தொட்டி 80 சதம்" நிலவரம், அதை ரீடெயின் பண்ணலாம். "மோட்டாரைப் போடு" கட்டளை, அதைப் பண்ணவே கூடாது. ரெண்டுக்கும் தனித்தனி டாபிக் (மெசேஜ் போற முகவரி) வைங்க. போர்டு செத்துட்டா புரோக்கரே ஊருக்குச் சொல்ற மாதிரி லாஸ்ட் வில்லும் வைங்க. ரெண்டு போர்டுக்கு ஒரே கிளையன்ட் ஐடி (புரோக்கர்கிட்ட போர்டு சொல்ற பேர்) குடுத்துடாதீங்க, ஒண்ணு வந்ததும் இன்னொண்ணைப் புரோக்கர் வெளிய தள்ளும், அது திரும்ப வந்து இதைத் தள்ளும், விடிய விடிய நடக்கும்.

மொட்டைமாடி

நான் எங்கங்க அதைக் குறை சொன்னேன்? ரீடெயின் போட்டது நான்தான்னு எழுதியிருக்கேனே.

நல்லூரடி

நானும் ஒண்டு சொல்லுறன். யாழ்ப்பாணம். குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒண்டு செய்து வச்சிருந்தனான். டிஎஸ்18பி20 எண்ட வெப்பச் சென்சார், இஎஸ்பி32 போர்டு, 60 வாட் பல்பு, 37.5 பாகையில நிக்கோணும். கூடினாப் போனுக்கு அறிவிப்பு வரும்.

தேர் பாக்கப் போயிருக்கேக்க போன் கத்துது: 85 பாகை. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. அந்தச் சனத்துக்குள்ளால வெளிய வரவே அரை மணித்தியாலம் போச்சு. பிறகு சைக்கிளை மிதிச்சுக்கொண்டு வீட்டை வந்தன். முட்டை அவிஞ்சிருக்கும் எண்டு நினைச்சுத்தான் மூடியைத் திறந்தன். ஒரு முட்டையைக் கையில எடுத்தா, சில்லெண்டு கிடக்கு.

வயர் ஒண்டு ஆடிக்கொண்டு நிண்டிருக்கு. மின் அறுந்து திரும்பி வரேக்க அந்தச் சென்சார் முதல்ல சொல்லுறது 85 தான். அது அளந்த கணக்கில்லை, நித்திரையால எழும்பேக்க அதின்ர வாயில இருக்கிற இலக்கம். என்ர கோட் அதை நம்பி, சூடு கூடிப் போச்சு எண்டு பல்பை நிப்பாட்டிப் போட்டுது. காலமையிலேர்ந்து அப்பிடித்தான் இருந்திருக்கு, அறிவிப்புத்தான் நெட் இல்லாமல் பிந்தி வந்தது.

அம்மம்மா ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த தரம் 12 முட்டையை அடைக்கோழிக்குக் கீழ வச்சவ. 11 பொரிச்சது.

சால்டர்_புகை

85 வந்தா அந்த ரீடிங்கைத் தூக்கிப் போட ஒரு லைன் போதுமே. வயர் முழுசா விட்டுட்டா லைப்ரரி -127 குடுக்கும், அதையும் சேத்துத் தள்ளிடுங்க. டேட்டா வயர்ல 4.7 கே புல்-அப் ரெசிஸ்டர் இருக்கா?

நல்லூரடி

புல்-அப் இருந்தது. வயர்தான் இல்லை.

குட்டி_சர்வர்

சுடுதண்ணி பாய்லர்ல வெச்சவன் 85-ஐத் தூக்கிப் போட்டா என்ன ஆகும் புகை? அங்க அது நிஜ 85.

ஃபைனல்_இயர்

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. காலேஜ் பேர் கேக்காதீங்க.

பசுமைக்குடில் ப்ராஜெக்ட். டிஎச்டி11 ஈரப்பத சென்சார், இஎஸ்பி8266 போர்டு, எச்டிடிபிஎஸ்-ல சர்வருக்கு அனுப்பி, பேஜ்ல கிராஃப். மூணு மாசம் ஜோரா ஓடிச்சு. ரிவ்யூ அன்னைக்குக் காலையில எதுவும் போகல. ஏன்னு இப்ப தெரியும்: சர்வரோட செர்டிஃபிகேட் (இது அந்த சர்வர்தான்னு காட்டுற அடையாளச் சீட்டு) 90 நாள்தான், ராத்திரி அதுவே புதுப்பிச்சுக்கிச்சு. நாங்க பழசோட ஃபிங்கர்பிரிண்ட்டை (அந்தச் சீட்டோட அடையாள எண்) அப்படியே கோட்ல ஒட்டி வெச்சிருந்தோம். அன்னைக்குத் தெரியல. பத்து நிமிஷம்தான் இருக்கு. நான் பேஜோட ஜாவாஸ்கிரிப்ட்ல ரேண்டம் போட்டேன். ஈரப்பதம் 60-க்கும் 62-க்கும் நடுவுல அழகா ஆடிச்சு.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தார். வயசானவர், ரொம்ப அமைதி. டீமேட் என்னமோ பேசிக்கிட்டே இருக்கான், அவர் அதைக் கேக்கவே இல்ல. குனிஞ்சு, அந்த நீலக் கட்டத்துக்குள்ள "ஹா"ன்னு ஊதினார். கண்ணாடியில ஊதுவோமே, அப்படி. நிமிந்து கிராஃபைப் பாத்தார். 61. 60. 62. திரும்ப ஊதினார். என்னைப் பாத்தார். "சென்சார் நல்லாத்தான் இருக்கும் தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டார்.

பாஸ் பண்ணி விட்டுட்டார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்னு நினைக்கிறேன்.

சால்டர்_புகை

ஃபிங்கர்பிரிண்ட் ஒட்டவே கூடாது தம்பி, ரூட் செர்டிஃபிகேட்டை (மத்த செர்டிஃபிகேட்டுக்கெல்லாம் உறுதி குடுக்குற தலைமை செர்டிஃபிகேட்) வைங்க. அதுக்கும் ஆயுசு உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்னைக்கு டிஎஸ்டி ரூட் எக்ஸ்3-ங்கிற ரூட் காலாவதி ஆச்சு, அதை மட்டும் நம்பி இருந்த பல போர்டு அன்னைக்கு வாயை மூடிச்சு. இன்னொண்ணு, செர்டிஃபிகேட் சரியா இருக்கான்னு பாக்க போர்டுக்குத் தேதி தெரியணும். என்டிபி-ல (நெட்ல நேரம் சொல்ற சர்வீஸ்) நேரம் வாங்காம விட்டா அது 1970 ஜனவரி 1-லயே உக்காந்திருக்கும், "இந்த செர்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல"ன்னு மறுத்துடும். என் கிராஃப்ல ஒரு வருஷமா இடது ஓரத்துல ஒத்தப் புள்ளி இருந்துச்சு, 1970, காலை 5:30. பூஜ்யத்தோட நம்ம அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கு.

பழைய_வயர்மேன்

அந்த ஆளு ஊதினது சரி. அளவுக் கருவியைத் தொட்டுப் பாக்காம மீட்டரை நம்பாதேன்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க.

தெரியாத_வீடு

என்னுது சின்னது. கத்துக்கும்போது யாரு வேணா நுழையிற ஒரு டெஸ்ட் புரோக்கர்ல பண்ணேன். டாபிக் பேரு "ஹோம், சாய்கோடு, லைட்". பாடத்துல அப்படித்தான் இருந்துச்சு. என் மேஜை விளக்கு சில சமயம் தானா அணையும். லூஸ் கான்டாக்ட்னு நினைச்சு மூணு தடவை சால்டர் வெச்சேன். ஒரு நாள் கம்பியூட்டர்ல அந்த டாபிக்கைத் திறந்து வெச்சு, எதையும் தொடாம சும்மா உக்காந்திருந்தேன். ஆன். ஆஃப். ஆன். ஆஃப். யாரோ வேகவேகமா அமுக்கிப் பாக்குறாங்க, அவங்களுக்கும் லைட் சொன்ன பேச்சு கேக்கல போல.

ரெண்டு வாரமா எந்த ஊர்ல யாரோட லைட்டை நான் போட்டுப் போட்டு அணைச்சேனோ.

மொட்டைமாடி

எல்லாரும் சொன்னதால: ரீடெயின் எடுத்தாச்சு, டாபிக் பிரிச்சாச்சு. வயர்மேன் அண்ணன் சொன்ன கான்டாக்டர் போட்டாச்சு. தொட்டியில ஃப்ளோட்டும் வெச்சிருக்கேன், அது போர்டைக் கேக்காம நேரா காயிலை வெட்டிடும். பக்கத்து வீட்டுல மூணு ஓடு மாத்திக் குடுத்தேன், இன்னும் பேச மாட்டேங்குறாங்க. கரண்ட் வந்தா நான் இப்பவும் எழுந்து உக்காந்து பத்து எண்றேன்.

ஃபைனல்_இயர்

அண்ணா, கான்டாக்டர் காயில் 230 வோல்ட்டா, 24 வோல்ட்டா? எது வாங்கினீங்க?