எஃப்.எஸ்.சி.யா, பி.இ.எஃப்.சி.யா: பட்டவர்கள் எழுதுங்கள்

பிறை நாற்காலி:
ரப்பர் மரத்தில் நாற்காலி செய்து ஏற்றுமதி பண்ணுகிறோம். மரம் முறையாகப் பராமரிக்கும் காட்டில், தோட்டத்தில் இருந்து வந்தது என்று காட்டும் எஃப்.எஸ்.சி., பி.இ.எஃப்.சி. இரண்டில் எந்தச் சான்றிதழுக்குப் போவது என்ற பேச்சு ஆபீசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அது கிடக்கட்டும். மனசை விட்டுப் போகாதது ஜெர்மனி பையர் வந்த நாள்தான். மரம் அறுத்துத் தரும் சாமில்காரர் தந்த சான்றிதழ் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருந்தார் எங்கள் முதலாளி தவுக்கே. பையர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாமில் இன்வாய்ஸ் கட்டை வாங்கி வரி வரியாக விரலை ஓட்டினார். "சான்றிதழ் எண் எங்கே? சரக்குக்கு நேரே நூறு சதவீதம் சான்று மரமா, கலந்த மிக்ஸா என்று எழுதிய வரி எங்கே?" இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் எந்தக் காட்டில் இருந்து வந்தாலும் அது சாதா மரம்தானாம். தவுக்கே சட்டென்று சாப்பாட்டுப் பேச்சுக்கு மாறிவிட்டார்.

செந்தூல் அச்சகம்:
எங்களுக்குக் காகிதம். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை, அட்டையில் எஃப்.எஸ்.சி. முத்திரை வேண்டும் என்றார்கள். சான்று பெற்ற காகிதத்தில் அடித்துத் தரலாம், ஆனால் முத்திரை போட அச்சகத்துக்கே சான்றிதழ் இருக்க வேண்டும், எங்களுக்கு இல்லை என்றேன். அந்தப் பெண் காப்பிக் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அடியைக் காட்டினார். "இந்தக் கப்புலயே இருக்கு அங்கிள், உங்க புத்தகத்துல ஏன் வராது?" நான் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது.

மெராந்தி மாமா:
பிறை தம்பி, கேள்வியே இடிக்கிறது. தீபகற்ப மலேசியாவில் இயற்கைக் காட்டு மரம் வாங்குகிறவனுக்குத் தேர்வே குறைவு. நிரந்தரக் காப்புக்காடு மாநில வனத்துறையின் கையில், அங்கே பெரும்பாலும் மலேசியாவின் சொந்த மரச் சான்றிதழ்த் திட்டமான எம்.டி.சி.எஸ்.தான். பி.இ.எஃப்.சி. அந்தந்த நாட்டுத் திட்டத்தைப் பரிசீலித்து ஏற்கும் அமைப்பு, நம்முடையதை 2009-ல் ஏற்றது. எஃப்.எஸ்.சி. 1993-ல் பிறந்தது, சமூகம், சுற்றுச்சூழல், வணிகம் என்று மூன்று அவை, மூன்றுக்கும் சம வாக்கு. சபாவின் டெராமாகோட் காடு 1997-லேயே எஃப்.எஸ்.சி. சான்றை வாங்கிவிட்டது. உள்ளூர்த் திட்டம் என்றால் இளக்காரமாகப் பேசுகிறார்கள், அதனால் சொல்கிறேன்: ஓர் ஆடிட்டரோடு நான் காட்டுக்குள் போயிருக்கிறேன். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் மண் அப்பியிருந்தது, அந்த மனுஷன் முழங்கால் போட்டுச் சட்டைக் கையாலேயே துடைத்து எண்ணைப் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். அட்டை கடித்து ரத்தம் வழிந்தது, கவனிக்கவே இல்லை.

கிள்ளான் அக்கா:
மாமா, எண் சரியாக இருந்தது, சந்தோஷம். அந்தக் காட்டில் இருந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா? சரவாக் பாராமில் பெனான், கென்யா என்ற பழங்குடி மக்கள் எம்.டி.சி.எஸ். சான்றை எதிர்த்து எழுப்பிய குரலும் அதுதானே. எஃப்.எஸ்.சி. மட்டும் தும்பைப்பூ என்று நான் சொல்ல வரவில்லை.

மெராந்தி மாமா:
நான் பார்த்ததைச் சொன்னேன், பார்க்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

பாலிங் பேரன்:
எங்கள் தாத்தாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு மரம் வாங்க வந்தவர் போனை நீட்டி எல்லையைச் சுற்றி நடக்கச் சொன்னார். "நிலத்தை அளந்து யார் பேருக்கு மாத்தப் போறான்?" என்று தாத்தா பாராங் கத்தியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் கதை.

ஆனால் பிறை அண்ணே, ஒன்று கவனியுங்கள். ஐரோப்பாவுக்கு விற்பதானால் அவர்களின் காடழிப்புத் தடுப்புச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்து மரமாக இருக்கக் கூடாது, நிலம் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும், 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லைக்கோடே வேண்டும், போனோடு நடக்கச் சொன்னது அதற்குத்தான். எந்தச் சான்றிதழும் இதற்குப் பதிலாகாது, வேலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். எம்.டி.சி.எஸ். மரத்தை எஃப்.எஸ்.சி. என்று விற்க முடியாது, அந்தப் பக்கமும் அப்படித்தான், அதனால் பையர் எதைக் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் சாமிலைத் தேடுங்கள். சான்றிதழ் எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், காலாவதியானது, நிறுத்தி வைக்கப்பட்டது எல்லாம் தெரியும். சின்னத் தோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்தும் சான்று வாங்கலாம், செலவு பங்காகும்.

பிறை நாற்காலி:
தம்பி, நான் கேட்டது அனுபவம். சரி, இருக்கட்டும். இப்போது சாமில்காரர் இன்வாய்ஸில் அந்த வரியைப் போட டன்னுக்கு மேல்காசு கேட்கிறார். வேறு யாரிடமாவது இப்படிக் கேட்டார்களா?