பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற எஞ்சின்: திறக்காமல் விடுவிப்பதா, திறந்து பார்ப்பதா?

ஒற்றைசிலிண்டர்:

அனைவருக்கும் வணக்கம். பழைய 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட் ஒன்று சென்ற மாதம் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 12 ஆண்டுகளுக்கு முன் தார்ப்பாய் போட்டு மூடியபோது வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்கிறார் அதை வைத்திருந்தவர். இப்போதோ கிக்கர் ஓர் அங்குலம்கூட இறங்குவதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியில் செம்பழுப்பு நிறப் பொடி ஒட்டியிருக்கிறது. பெட்ரோல் டேங்கைக் குலுக்கினால் உள்ளே துருச்செதில்கள் சலசலக்கின்றன. ஆனால் டேங்கின் வெளிப்புறத்தில் கையால் வரைந்த பொன்னிறக் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. தூரிகையை எடுத்த இடத்தில் கோடு மெலிந்து முடிவதுகூடத் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் இந்த வண்டியை வாங்கினேன்.

நண்பர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர், முழு வண்டியையும் இரண்டே நாளில் பிரித்துப் போட்டுவிட்டுப் பெயிண்டில் தொடங்கச் சொல்கிறார். இன்னொருவர், எண்ணெய் ஊற்றி எஞ்சினை இளக்கி அப்படியே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார். மூன்றாமவர், பின்பக்கச் சட்டத்தை அறுத்துவிட்டு பாபர் எனப்படும் ஒற்றை இருக்கை வண்டியாக மாற்றச் சொல்கிறார். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறேன். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொட்டகைவாசி:

நண்பரே, முதலில் கிக்கரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இறுகிப்போன எஞ்சினைக் கிக்கரால் உடைத்துத் திறக்க முயன்றால், பிஸ்டன் அசைவதற்கு முன் கிக்கரின் பற்சக்கரம்தான் உடையும். பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டுகிறவர்களும் உண்டு. அலுமினியப் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழ அதைவிட எளிய வழி வேறில்லை.

இந்த எஞ்சின் ஏன் இறுகியது என்று புரிந்துகொண்டால் பதற்றம் குறையும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிற்கும்போது ஏதேனும் ஒரு வால்வு திறந்திருந்தால் ஈரக்காற்று அதன் வழியே சிலிண்டருக்குள் இறங்கும். வார்ப்பிரும்புச் சிலிண்டரின் சுவரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரும்பு ரிங்குகளும் தொடும் இடத்தில் துரு பூத்து இரண்டையும் ஒட்டிவிடும். ஆகவே பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மெல்லிய ரிங்குகள்தான். அவை ஊறினால் விட்டுக்கொடுக்கும்.

தானியங்கி கியர்பெட்டிகளுக்கான ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து பிளக் துளை வழியே ஊற்றுங்கள். இவை இரண்டும் தாமாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும். கதவைத் திறந்துவைத்து, அருகில் நெருப்போ மின்பொறியோ இல்லாமல் செய்யுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம், பத்து நாள் காத்திருங்கள். பிறகு பிளக்கைப் போடாமலே வண்டியை நான்காம் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். உயர்ந்த கியரில் சக்கரத்தைக் கொண்டு கிராங்கை (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டை) ஆட்டுவது எளிது; விசையை அளவோடு கொடுக்கவும் இரு திசையிலும் ஆட்டவும் முடியும். கிக்கரால் இந்த இரண்டும் முடியாது. ஒரு நூலளவு அசைந்தாலும் வெற்றிதான். அசைந்துவிட்டது என்று முழுச் சுற்றுக்கு ஆசைப்படாமல் மறுபடி ஊற்றிவிட்டு அடுத்த நாள் வாருங்கள்.

இன்னொன்று: முழுச் சுற்றுக்குப் போகுமுன் எஞ்சின் தலையிலுள்ள ராக்கர் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) மூடிகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். வால்வு ஏதேனும் அதன் வழிகாட்டிக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தால், எஞ்சின் சுழலும்போது ராக்கரைத் தள்ளும் தள்ளுகம்பி வளைந்துபோகும். கண்ணால் பார்த்துக்கொண்டே சுற்றினால் அந்தச் சேதம் நேராது.

ஸ்பேனர்பெட்டி:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எஞ்சின் இளகியதும் ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையை மட்டும் கைவிடுங்கள். சிலிண்டர் சுவரிலிருந்து உதிர்ந்த துரு எண்ணெயோடு கலந்து பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்குக்கு) போனால், ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க் வரை நீளும். தவிர, இந்த எஞ்சினில் எண்ணெய் அறை தனியே இருப்பதால், நெடுநாள் நிற்கும்போது எண்ணெய் பம்ப்பின் இடுக்கு வழியாகக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கிவிடும். அதை வடிக்காமல் கிளப்பினால் எண்ணெய் கண்ட வழியில் பீய்ச்சியடிக்கும். பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மின்னும் உலோகத் துகள் இருக்கிறதா என்பது அங்கேயே தெரியும்.

தலையையும் சிலிண்டரையும் மேலே எடுத்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இரு கைகளாலும் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அசைவது இயல்பு. மேலும் கீழும் 'டக்' என்ற உணர்வு விரலுக்குத் தெரிந்தால் பிக் எண்டு தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிரிக்கும்போது ஒரு சொல். பிரிட்டிஷ் வடிவமைப்பில் பிறந்த வண்டிகளில் பல வகை மரைகள் கலந்திருக்கும். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. கையால் திருகும்போது இரண்டு சுற்று ஏறிவிட்டு அதன்பின் இறுகினால் அது தவறான போல்ட். ஸ்பேனரை வைத்து அழுத்தினால் வார்ப்பிலுள்ள மரையே உரிந்துவரும். ஆகவே கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த துளையிலேயே திரும்பச் செருகிவைப்பது என் வழக்கம். முடியாதவற்றைப் பெயரெழுதிய பைகளில் போடுவேன். கழற்றுமுன் நான்கு கோணங்களில் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் பிரித்துப்போட்ட வண்டிகள் பெரும்பாலும் அட்டைப்பெட்டிகளாகவே கைமாறுவதற்குக் காரணம் இந்தப் பொறுமையின்மைதான்.

துருநீக்கி:

டேங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கூழாங்கல்லோ சங்கிலியோ போட்டுக் குலுக்காதீர்கள். தகடு மெலிந்திருந்தால் ஓட்டை விழும், அந்தப் பொன்னிறக் கோடும் உதிரலாம்.

மின்னாற்பகுப்பு முறை வெளிப் பெயிண்டைத் தொடாமல் உள்துருவை மட்டும் நீக்கும். பெட்ரோல் வாடை முற்றிலும் போகும்வரை டேங்கைக் கழுவிவிட்டு, சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்புங்கள். மூடித் துளை வழியாகச் சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை, டேங்கின் உலோகத்தை எங்கும் தொடாதவாறு ரப்பரில் பொருத்தித் தொங்கவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை டேங்குக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரையும். எவர்சில்வர் கம்பியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்து, சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்புகளைக் கழற்றுங்கள். கம்பியில் துருக்குழம்பு படியப் படிய எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி தொங்கவிட வேண்டும். முடிந்ததும் உடனே நன்றாக உலர்த்தி எண்ணெய் பூசிவிடுங்கள்; இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே புதுத்துரு படரும்.

கொட்டகைவாசி:

பாபர் யோசனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றுவதில் தவறேதும் இல்லை. நானே இரண்டு வண்டிகளை அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் திரும்பப் பூட்ட முடியாத எதையும் முதல் வண்டியில் செய்யாதீர்கள். இருக்கை, கைப்பிடி, மட்கார்டு ஆகியவற்றைப் போல்ட்டால் மாற்றலாம், பழையவற்றைப் பரணில் வைக்கலாம். சட்டத்தை அறுத்தால் அறுத்ததுதான். முன் ஃபோர்க்கின் நீளத்தையோ சாய்வையோ மாற்றினால் டிரெயில் என்ற அளவு (கைப்பிடி திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கு முன்சக்கரம் எவ்வளவு பின்னால் தரையைத் தொடுகிறது என்பது) மாறும். அது குறைந்தால் வேகத்தில் கைப்பிடி நடுங்கத் தொடங்கும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டயரில் பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் இத்தனை ஆண்டுகள் நின்ற ரப்பரை நம்ப வேண்டாம்.

ஒற்றைசிலிண்டர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்பதாம் நாள் காலையில் பின்சக்கரத்தை ஆட்டியபோது மெல்லிய 'கிரீச்' ஒலியோடு பிஸ்டன் இறங்கியது. வால்வுகள் இரண்டும் ஒட்டாமல் இயங்குகின்றன. சிலிண்டரை எடுத்துப் பார்த்ததில், ரிங்குகள் நின்ற இடத்தில் நகத்தில் தடுக்கும் அளவுக்குக் குழிகள் இருக்கின்றன. பிஸ்டன் தலையின் கரியைத் துடைத்தபோது '050' என்ற எண் தெரிந்தது. கனெக்டிங் ராடில் மேல்கீழ் ஆட்டம் இல்லை.

ஸ்பேனர்பெட்டி:

மிக நல்ல செய்தி. அந்த எண், சிலிண்டரின் உள்விட்டம் ஏற்கெனவே 70 மில்லிமீட்டரிலிருந்து 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்கப்பட்டதைச் சொல்கிறது. நகம் தடுக்கினால் தேய்த்து மெருகிட்டுச் சமாளிக்க முடியாது. அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது அடுத்த பெரிய பிஸ்டன் அளவுக்கு, போர் போடத்தான் (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கத்தான்) வேண்டும்.

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், சிலிண்டரை அதன்பின் லேத்துக்குக் கொடுங்கள். நான் ஒருமுறை பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பிச் சிலிண்டரை முன்கூட்டியே போர் போட்டுவைத்தேன். பிறகு வந்த பிஸ்டன் மைக்ரோமீட்டரில் சற்றே பெரிதாக இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் பூட்டினேன். இடைவெளி போதாமல் முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் இறுகிவிட்டது. பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள்.

சிலிண்டர் திரும்பி வந்ததும் ஒவ்வொரு ரிங்கையும் பிஸ்டன் இல்லாமல் உள்ளே விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை, அதாவது இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை, ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகளால்) அளந்துவிடுங்கள். இந்த அளவு சிலிண்டருக்கு 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் ராவுங்கள். பூட்டுமுன் சோப்பு நீரால் சிலிண்டரைக் கழுவி, வெள்ளைத் துணி கறைபடாமல் வரும்வரை துடையுங்கள்.