புதுப்பிப்பு: ரிங்லெட்டிலிருந்து கோலாலம்பூருக்கு, தாப்பா வழியாகவே

மனைவிக்கு வளைவு என்றாலே குமட்டும், கேமரன் மலை ரிங்லெட்டிலிருந்து கோலாலம்பூருக்கு இறங்க தாப்பா பாதையா சிம்பாங் பூலாய் பாதையா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தாப்பா வழியாகவே இறங்கினோம். சிம்பாங் பூலாய் சாலை அகலம்தான். ஆனால் ரிங்லெட்காரர்களுக்கு அது பிரிஞ்சாங் வரை மேலே ஏறி, ஈப்போ பக்கம் சுற்றும் வழி.

கியரைக் குறைத்து இறங்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தது. அவள் முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, அசாம் போயை (உப்பிட்டு உலர்த்திய புளிப்பு பிளம் பழம்) வாயில் அடக்கிக்கொண்டு, தூரத்துச் சாலையையே பார்த்து வந்தாள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் முகம் கழுவியதும் தெம்பு வந்துவிட்டது. பீடோரில் கொய்யா வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறினோம்.

திரும்பும்போது சாயங்கால மழைக்கும் பனிமூட்டத்துக்கும் முன்பே மலையேறிவிடுவோம்.