மெல்லிசைக் கச்சேரி ரெக்கார்டிங்: மிக்ஸர் டிராக்கில் பாடகர் குரல் காணோம், நடுநடுவே மௌனம்

ரிதம்பேட்:

எட்டுப் பேர் கொண்ட மெல்லிசைக் குழு. இரண்டு பாடகர், இரண்டு கீபோர்டு, பேஸ் கிட்டார், தபேலா, டோலக், ஆக்டோபேட். கோயில் கொடை, திருமண வரவேற்பு என்று திறந்தவெளியும் மண்டபமும் மாறி மாறி வரும். மிக்ஸர் அந்தந்த ஊர் சவுண்ட் சர்வீஸ்காரருடையது. பெரும்பாலும் 16 அல்லது 24 சேனல் அனலாக். ரெக்கார்டர் ஜூம் எச்6 (தலையில் மைக்கும் கூடவே நான்கு இன்புட்டும் உள்ள கையடக்கக் கருவி).

இப்போது செய்வது இது: மிக்ஸரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து, இரு முனையிலும் பெரிய டிஆர்எஸ் பின் (நுனி, வளையம், உடல் என மூன்று தொடர்புள்ளது) வைத்த ஒரே கேபிள், நேராக எச்6-இன் இன்புட் 1-க்குப் போகிறது. ரெக்கார்டர் தலையில் இருக்கும் எக்ஸ்ஒய் மைக்கும் (குறுக்காக வைத்த ஸ்டீரியோ மைக் ஜோடி) கூடவே ஓடுகிறது.

மிக்ஸர் டிராக்கில் பாடகர் குரல் ஏறக்குறைய இல்லை, எக்கோ மட்டும் தூரத்தில் கேட்கிறது. பேஸும் இல்லை. கீபோர்டு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பாட்டு நடுவே திடீரென்று 5 விநாடி, 10 விநாடி முழு மௌனம். பிறகு தானாகவே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மைதானத்தில் சத்தம் நிற்கவே இல்லை. இதற்கெல்லாம் அடியில் விடாமல் ஒரு 'உம்ம்'. எக்ஸ்ஒய் டிராக்கில் எல்லாம் இருக்கிறது, ஆனால் வேட்டுப் போட்டால் கிழிகிறது, கீழ்ச்சத்தம் குழம்புகிறது.

கேபிளை மூன்று முறை மாற்றியாயிற்று. ரெக்கார்டர் பழுதா? இல்லையென்றால் எதை எங்கே சொருக வேண்டும்?

மேடையோரம்:

ரெக்கார்டரில் பழுதில்லை. முதல் இரண்டு கோளாறும் அந்த ஒரே கேபிளின் வேலை. அதே மாதிரிக் கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் அதேதான் வரும்.

ஹெட்ஃபோன் துளை ஸ்டீரியோ. பின்னின் நுனியில் இடது, நடு வளையத்தில் வலது. எச்6-இன் இன்புட் 1 ஒற்றைச் சேனல், பேலன்ஸ்டு. நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மிச்சம் இருப்பதைத்தான் அது பதிவு செய்யும். கேபிள் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை ஒழிக்க வைத்த ஏற்பாடு அது. நீங்கள் அதற்குள் இடதையும் வலதையும் அனுப்புகிறீர்கள். இடதிலிருந்து வலதைக் கழித்துவிடுகிறது. மிக்ஸில் நடுவில் வைத்த எதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கழித்ததும் பூஜ்யம். குரலும் பேஸும் எப்போதும் நடுவில்தான். எக்கோ ஸ்டீரியோவாகத் திரும்பி வருவதால் இரு பக்கமும் கொஞ்சம் வேறுபடும், அது மட்டும் தப்பிக்கிறது. கீபோர்டும் ஸ்டீரியோ, அதுவும் தப்பிக்கிறது.

மௌனத்துக்கும் இதுவே காரணம். மிக்ஸர்காரர் ஏதாவது ஒரு சேனலைத் தனியாகக் காதில் கேட்க பிஎஃப்எல் பொத்தானை அழுத்துவார். அழுத்தியதும் ஹெட்ஃபோனில் அந்தச் சேனல் மட்டும், அதுவும் மோனோவாக, இரு காதிலும் ஒன்றுபோல வரும். கழித்தால் பூஜ்யம். பொத்தானை விட்டதும் பாட்டு திரும்புகிறது. மைதானத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள் வாங்கி இன்புட் 1, 2 இரண்டிலும் சொருகினால் குரல் வந்துவிடும். ஆனாலும் ஹெட்ஃபோன் துளையை விட்டுவிடுங்கள். பிஎஃப்எல் அழுத்தும்போதெல்லாம் உங்கள் பதிவில் ஒரே ஒரு மைக் மட்டும் இருக்கும். அவர் ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டினால் உங்கள் லெவலும் கூடும். அது அவருடைய காதுக்கான வழி, பதிவுக்கானது அல்ல.

ஏற்கெனவே எடுத்த பதிவுகளில் குரலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அது பதிவாகவே இல்லை. அந்த நிகழ்ச்சிகளுக்கு எக்ஸ்ஒய் டிராக்கை அடிப்படையாக வைத்து, மிக்ஸர் டிராக்கிலிருந்து கீபோர்டுக்காகக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

சாரல்_காது:

சரியான துளை எது என்பதற்கு வருகிறேன். பலர் ரெக் அவுட் என்று எழுதிய ஆர்சிஏ துளையைக் காட்டுவார்கள். அது மோசமில்லை, அவசரத்துக்கு அதுவே போதும். ஆனால் அதில் வருவது மைதானத்துக்காகப் போட்ட மிக்ஸ். சின்ன மண்டபத்தில் தபேலாவும் டோலக்கும் நேராகவே காதுக்கு எட்டுவதால் மிக்ஸர்காரர் அவற்றைக் குறைத்தும் குரலை ஏற்றியும் வைப்பார். அங்கே உட்கார்ந்து கேட்பவருக்கு அது சரி. வீட்டில் அந்தப் பதிவைக் கேட்டால் குரல் முகத்தில் அறையும், தாளம் அடுத்த தெருவில் இருக்கும்.

எச்6-இல் நான்கு இன்புட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். என் தேர்வு: 1, 2-இல் ரெக் அவுட்டின் இடது, வலது. 3-இல் குரல்கள் மட்டும். 4-இல் தபேலா, டோலக், ஆக்டோபேட் மட்டும். கூடவே எக்ஸ்ஒய்யில் ஜனங்கள். மொத்தம் ஆறு டிராக். பிறகு உட்கார்ந்து கலக்கும்போது, முழு மிக்ஸில் எது குறைந்திருக்கிறதோ அதை 3 அல்லது 4-இலிருந்து ஊட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற சிரமமெல்லாம் படலாம்.

3, 4-க்கு ஆக்ஸ் சென்ட் (வேண்டிய சேனல்களை மட்டும் தனியாகக் கலந்து அனுப்பும் வெளிவழி) வேண்டும். மேடை மானிட்டருக்கு ஆக்ஸ் 1, 2 போயிருக்கும், எக்கோவுக்கு ஒன்று போயிருக்கும். காலியாக இருக்கும் இரண்டைக் கேளுங்கள். ஆக்ஸ் தட்டுப்பாடு என்றால் குரூப் அவுட் (சில சேனல்களைக் கூட்டாக அனுப்பும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள், 24 சேனல் மிக்ஸரில் பெரும்பாலும் இருக்கும். கேட்க வேண்டியது மைக்செட் ஏற்றும் மாலை நேரத்தில். கச்சேரி தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது போய் நின்றால் யாரும் தரமாட்டார்கள், தருவதும் நியாயமில்லை.

ஆக்ஸில் ப்ரீ, போஸ்ட் (சேனல் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன், பின்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். போஸ்டில் வையுங்கள். ப்ரீயில் வைத்தால் ஃபேடரை இறக்கினாலும் அந்த மைக் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும்: பாடாத பாடகரின் மைக்கில் டோலக் சத்தம், இடைவேளையில் தண்ணீர் கேட்கும் குரல், எல்லாம். போஸ்டில் அவர் ஃபேடரோடு நீங்களும் போவீர்கள். ஆக்ஸில் எக்கோ சேராமல் குரல் வறண்டு வரும்; அதுதான் நல்லது, பிறகு வேண்டிய அளவு நீங்களே போடலாம்.

ஈயப்பற்று:

லெவல் பத்தி யாரும் சொல்லல, அதையும் சேத்துக்கோங்க.

மிக்ஸர்லேருந்து வர்றது லைன் லெவல், மைக் லெவல விட பல மடங்கு பெருசு. எச்6-ல ஒவ்வொரு இன்புட் குமிழுக்கும் பக்கத்துல பேட்னு சின்ன சுவிட்ச் இருக்கும், 20 டெசிபல் குறைக்கும். மிக்ஸர் லைன் வர்ற நாலுக்கும் அத போடுங்க. போடலன்னா சிக்னல் உள்ள நுழையுற எடத்துலயே தட்டையாயிடும். அப்புறம் குமிழ எவ்வளவு கீழ எறக்கினாலும் மீட்டர் அழகா -10 காட்டும், சத்தம் மட்டும் கரகரன்னு இருக்கும். அலைவடிவத்த பெருசாக்கிப் பாத்தா மேல்முனையும் கீழ்முனையும் கத்தியால சீவின மாதிரி தெரியும். லிமிட்டர் (உச்சத்த அமுக்குற வசதி) போட்டாலும் இது சரியாகாது.

பாண்டம் பவர் (கேபிள் வழியா மைக்குக்குப் போற கரண்ட்) நாலு இன்புட்லயும் ஆஃப். 48 வோல்ட்ட மிக்ஸரோட அவுட்டுக்குள்ள திருப்பி அனுப்பாதீங்க.

சவுண்ட் செக்ல பாடகர் பாதிக் குரல்லதான் பாடுவாங்க. ராத்திரி கூட்டத்தப் பாத்ததும் 6 டெசிபல், சில சமயம் 10 டெசிபல் ஏறும். அதனால செக்ல உச்சம் -18-ல நிக்கிற மாதிரி வையுங்க. 24 பிட்ல பதிஞ்சா கொறைவா பதிஞ்சது ஒரு குத்தமே இல்ல, பின்னால ஏத்திக்கலாம். கிழிஞ்சதத் தைக்க முடியாது.

வேட்டுக்கு வழி மெனுவுலயே இருக்கு: பேக்கப் ரெக்கார்டிங். எக்ஸ்ஒய் டிராக்க 12 டெசிபல் கொறைச்சு இன்னொரு கோப்பா கூடவே எழுதும். வேட்டு வெடிச்ச எடத்துல மட்டும் அந்தக் கோப்புலேருந்து வெட்டி ஒட்டிக்கலாம். கவனம், இது தலை மைக்குக்கு மட்டும்தான். 1 முதல் 4 வரைக்கும் பேக்கப் கெடையாது. அங்க உங்க கைதான் காவல்.

ரிதம்பேட்:

மிக்க நன்றி. பிஎஃப்எல் விஷயம் கனவிலும் தோன்றவில்லை. அந்த 'உம்ம்' இரைச்சல் மட்டும் மிச்சம். எச்6-ஐ யூஎஸ்பி சார்ஜரில் போட்டு மிக்ஸர் மேசை பிளக்கிலேயே ஓட்டுகிறோம். கரண்ட் பெரும்பாலும் ஜெனரேட்டர். இன்னொன்று: ஆக்ஸ் காலியே இல்லை என்று சொன்னால், சேனல் இன்சர்ட் துளையில் (சேனலின் சிக்னலை வெளியே எடுத்துத் திருப்பி விடும் துளை) பின்னைப் பாதி சொருகி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

ஈயப்பற்று:

சார்ஜர முதல்ல கழட்டுங்க. ரெக்கார்டர் ஒரு வழியா மிக்ஸரோட கிரவுண்ட்லயும் இன்னொரு வழியா சார்ஜரோட கிரவுண்ட்லயும் தொட்டுக்கிட்டு இருந்தா நடுவுல ஒரு வளையம் உண்டாகும், அதுலதான் 50 ஹெர்ட்ஸ் சுத்தும். நாலு ஏஏ பேட்டரி போடுங்க. பாண்டம் ஆஃப்ல இருந்தா ஒரு கச்சேரி தாராளமா தாங்கும். பவர் பேங்கும் சரி, ஆனா அது அந்த நேரத்துல சார்ஜ்ல இருக்கக் கூடாது.

பேட்டரியிலயும் உம் வந்தா ஹெட்ஃபோன்ல மிக்ஸரையே கேளுங்க. அங்கயே இருந்தா அது உங்க பிரச்சினை இல்ல, மேடையில ஏதோ கீபோர்டு லைன் டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவுல வைக்கிற பெட்டி) இல்லாம வருது. அந்த கீபோர்டுக்கு டிஐ போட்டு கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச தட்டுங்க. 'உம்'முக்கு பதிலா 'ஜ்ர்ர்'னு இருந்தா சீரியல் லைட் வயர் சிக்னல் கேபிள் கூடவே ஓடுதான்னு பாருங்க; தாண்டித்தான் ஆகணும்னா குறுக்கா தாண்டட்டும், பக்கத்துலயே ஓட வேண்டாம்.

ஒன்னு மட்டும் செய்யாதீங்க: உம் போகணும்னு எந்தப் பிளக்லயும் எர்த் பின்ன வெட்டாதீங்க, டேப் சுத்தாதீங்க. ஜெனரேட்டர் மேடையில கிட்டார் கம்பியத் தொட்ட கையோட உதடு மைக்ல பட்டா உயிருக்கே ஆபத்து.

இன்சர்ட்டுக்கு: பாதி சொருகுறது பல மிக்ஸர்ல வேலை செய்யும். ஆனா யாராவது மேசையில இடிச்சு பின் முழுசா உள்ள போச்சுன்னா அந்தச் சேனல் மைதானத்துலயே செத்துடும். பாடகர் பல்லவியில நிக்கும்போது அது நடக்கலாம். அதுக்குப் பதிலா டிஆர்எஸ் பின் ஒன்னு எடுத்து, மூடியக் கழட்டி, நுனிக்கால், வளையக்கால் ரெண்டையும் சின்ன வயர்ல சேத்துப் பத்தவையுங்க. ஸ்லீவ் (பின்னோட உடல்) காலுக்கு ஷீல்டு, சேத்த காலுக்கு நடு வயர். இத முழுசா சொருகலாம். போன சிக்னல் அங்கயே திரும்பி சேனலுக்கும் போகும், உங்களுக்கும் ஒரு கிளை வரும். மறுமுனை மோனோ பின், எச்6-ல பேட் போட்டு.

சாரல்_காது:

இன்சர்ட்டில் எடுத்தால் ஒரு சேனல்தான் வரும், இரண்டு பாடகருக்கே இரண்டு இன்புட் போய்விடும். இன்னொன்று, அது கெயின் (சிக்னல் நுழையும் அளவு) குமிழுக்குப் பிறகு, ஃபேடருக்கு முன். அவர் கெயினைத் தொட்டால் உங்கள் லெவல் நடு ராத்திரியில் மாறும். தாளத்துக்கு மைக் மூன்று இருப்பதால் அங்கே இன்சர்ட் உதவாது. எனக்கென்றால், ஆக்ஸ் இல்லாத ஊரில் ரெக் அவுட்டும் எக்ஸ்ஒய்யும் போதும் என்று விட்டுவிடுவேன்.

எக்ஸ்ஒய்யை எங்கே வைப்பது என்பதுதான் அப்போது முக்கியம். மிக்ஸர் மேசை மேல் வைத்தால் மிக்ஸர்காரர் பேசுவதும் நாற்காலி இழுபடுவதும்தான் முன்னால் கேட்கும். எச்6-க்கு மைக் தலையை மட்டும் தனியே கொண்டுபோகும் நீட்டிப்புக் கேபிள் 3 மீட்டர், 6 மீட்டரில் கிடைக்கிறது. மைக்கை ஸ்டாண்டில் ஏற்றி இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்தில், ஜனங்களின் தலைக்கு மேலே நிறுத்துங்கள். ஒரு பக்க பாக்ஸுக்கு நேர் எதிரே வேண்டாம். திறந்தவெளியில் நுரைத்தொப்பி காற்றைத் தாங்காது, முடி வைத்த உறை வேண்டும். லோ கட் (கீழ்ச்சத்தத்தை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸ்.

பிறகு கலக்கும்போது அதை நேர்ப்படுத்த வேண்டும். மிக்ஸரிலிருந்து வருவது உடனே வந்துவிடும். காற்றில் வருவது ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 2.9 மில்லிவிநாடி தாமதம். பாக்ஸிலிருந்து 20 மீட்டரில் மைக் என்றால் கிட்டத்தட்ட 58. அப்படியே கலந்தால் ஒவ்வொரு தபேலா அடியும் இரண்டாகக் கேட்கும். தொடங்குவதற்கு முன் பாடகர் மைக்கருகே ஒரே ஒரு கைதட்டல் தட்டச் சொல்லுங்கள். மென்பொருளில் இரண்டு டிராக்கையும் பெரிதாக்கி, எக்ஸ்ஒய்யின் முனையை மிக்ஸர் டிராக்கின் முனைக்கு இழுத்து வையுங்கள். ஆறும் ஒரே கருவியில் ஒரே கடிகாரத்தில் பதிந்தவை, ஒருமுறை சேர்த்தால் மூன்று மணி நேரமும் சேர்ந்தே போகும். செல்போன் வீடியோவின் ஒலி அப்படி நிற்காது, நேரம் ஆக ஆக விலகும்.

எக்ஸ்ஒய் டிராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். நீங்கள் சொன்ன குழப்பம் அங்கேதான் இருக்கிறது. பாட்டு ஓடும்போது மற்றதைவிட 10 முதல் 14 டெசிபல் கீழே வைத்து, கைதட்டலில் மட்டும் ஏற்றுங்கள்.

மேடையோரம்:

கார்டு கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் மணிக்குச் சுமார் 520 எம்பி. ஆறு டிராக் மூன்று மணி நேரத்துக்கு 9.3 ஜிபி, பேக்கப்பும் ஓடினால் இன்னும் மூன்று. 32 ஜிபி கார்டு போதும். கணினியில் அல்ல, எச்6-இலேயே ஃபார்மட் செய்யுங்கள். கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் கருவி தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும். ஸ்டீரியோ டிராக்கில் அது இரண்டு மணி நேரத்தில் வரும். இடைவேளையில் ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது நல்லது. நிறுத்தாத நிலையில் பேட்டரி விழுந்தால் கடைசிக் கோப்பு மூடப்படாமல் கிடக்கும்.

தொடங்கியதும் ஹோல்டு சுவிட்சைத் தள்ளிவிட்டு, மீட்டரில் ஆறு கம்பமும் அசைகிறதா, நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். எச்6-இல் பதிவுப் பொத்தானை அழுத்துவது மட்டும் போதாது. 1, 2, 3, 4 டிராக் பொத்தான்களும் சிவப்பாக எரிய வேண்டும், இல்லையென்றால் அந்த இன்புட் கோப்பில் இருக்காது.