கஜா புயல்ல நனைஞ்ச மாஸி 1035 டிராக்டர், இன்ஜின் சுத்தவே மாட்டேங்குது

வேதாரண்யம் விவசாயி:
அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டுன மாஸி 1035, மூணு சிலிண்டர் சிம்சன் இன்ஜின். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப கொட்டகை கூரை பறந்துடுச்சு, தென்னை பூரா சாஞ்சு கெடக்கு, வண்டிய யாரு பாக்குறது, சைலன்சர் மேல அப்பா எப்பவும் ஒரு தகர டப்பாவ கவுத்து வைப்பாரு, அதுவும் காத்துல போயிடுச்சு. பிறகு அப்பாவும் தவறிட்டாரு, வண்டி அப்படியே நின்னுடுச்சு. இப்ப திரும்ப ஓட்டணும்னு ரொம்ப ஆசை. புது பேட்டரி வச்சு செல்ப் அடிச்சா டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்னாடி பெல்ட் ஓடுற புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டாலும் அசையல. கியர்ல போட்டு இன்னொரு டிராக்டரால இழுத்துடலாம்ங்கிறார் பக்கத்து வயல்காரர். இழுக்கலாமா? சைலன்சர் இன்ஜினோட சேர்ற மேனிபோல்டு நட்டும் ஒண்ணு கூட கழலல, ஒண்ணு மழுங்கியே போச்சு.

பட்டறை அண்ணாச்சி:
தம்பி, தயவுசெஞ்சு இழுக்காதீங்க. பிஸ்டன் துருவுல பிடிச்சிருக்கும்போது இழுத்தா பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு வளையும், வால்வு ஒட்டியிருந்தா அத தள்ளுற புஷ் ராடும் போயிடும். சைலன்சர் வழியா இறங்குன தண்ணி, வண்டி நின்னப்ப எந்த சிலிண்டர்ல புகை போற எக்ஸாஸ்ட் வால்வு தொறந்திருந்துச்சோ அதுக்குள்ளதான் போயிருக்கும், மத்த ரெண்டும் ஓரளவு நல்லா இருக்க வாய்ப்பு இருக்கு. இன்ஜின் மேல வால்வ மூடியிருக்கிற ராக்கர் கவரை தொறந்து எந்த சிலிண்டரோட எக்ஸாஸ்ட் வால்வு அமுங்கி நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் அடியில ஆயில் தேங்குற சம்ப் நட்ட கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, முதல்ல தண்ணி வந்தா உள்ள இறங்கியிருக்குன்னு அர்த்தம், ஆயில் மேல மிதக்கும் தண்ணி அடியில நிக்கும்.

டீசல் பீச்சுற நாசில் மூணையும் கழட்டிட்டு, அந்த ஓட்டை வழியா பவர் ஸ்டியரிங் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. அசிட்டோன் ஆயில தண்ணியாக்கி இடுக்குக்குள்ள கொண்டு போகும், அது ஆவியானாலும் ஆயில் அங்கயே நிக்கும். கலந்து வச்சா பிரியும், ஊத்தும்போது குலுக்கி ஊத்துங்க. நாலஞ்சு நாள் விடுங்க, குறைய குறைய ஊத்துங்க. செல்ப் மோட்டார கழட்டிட்டு அது இருந்த ஓட்டை வழியா பிளைவீல சுத்தியிருக்கிற ரிங் கியர் பல்லுல கம்பி கொடுத்து முன்னும் பின்னும் மெதுவா ஆட்டணும், ஒரே பக்கமா தம் கட்டி இழுக்கக்கூடாது. புல்லில சாக்பீஸ் கோடு போட்டு வச்சுக்கோங்க, நகர்றது கண்ணுக்கு தெரியும்.

கோபி மஞ்சக்காடு:
மேனிபோல்டுக்கு நான் சொல்றேனுங்க. முதல்ல அத முடிச்சுட்டு அப்புறம் அசிட்டோன் ஊத்துங்க, ஊத்துனதுக்கப்புறம் பக்கத்துல காஸ் கொளுத்திடாதீங்க. நட்ட மட்டும் சிவக்க காய்ச்சோணும், நட்டு மாட்டியிருக்கற ஸ்டட்டுல சூடு பிடிக்கறதுக்குள்ள நட்டு விரிஞ்சுக்கும். சூடு கொஞ்சம் தணிஞ்சதும் மெழுகுவத்திய மரைகிட்ட வைங்க, உருகி உள்ள இழுத்துக்கும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு நூல் இறுக்கிப் பாருங்க, சின்னதா 'கடக்'னு கேட்டுதுன்னா துரு விட்டுருச்சுன்னு வச்சுக்கோங்க. மழுங்குனதுக்கு மேல பெரிய நட்டா ஒண்ணு வச்சு வெல்டிங் அடிச்சுருங்க, அந்த சூட்டுலயே பாதி வேலை முடிஞ்சுரும். எங்க வண்டில ஆறுல அஞ்சு இப்படித்தான் வந்துதுங்க, ஒண்ணு முறிஞ்சு லேத்துக்கு போச்சு.

வேதாரண்யம் விவசாயி:
அண்ணே, சம்ப்ல ஒரு டம்ளர் தண்ணி வந்துச்சு, அதுக்கப்புறம்தான் கருப்பா ஆயில். அமுங்கி நின்னது மூணாவது சிலிண்டர். ஆறாவது நாள் சாக்பீஸ் கோடு ஒரு விரக்கடை நகந்துச்சு, எனக்கு கை நடுங்கிப்போச்சு. அம்மாவ கூப்பிட்டு காட்டினேன். ஒம்பதாவது நாள் முழு சுத்து சுத்திடுச்சு. இனிமே நாசில மாட்டிட்டு செல்ப் அடிக்கலாமா?

பட்டறை அண்ணாச்சி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. நாசில மாட்டாதீங்க, உள்ள நிக்கிற ஆயில் மேல போக வழியில்லாம முட்டிக்கிட்டா மறுபடி ராடுதான் வளையும். புது ஆயில், புது பில்டர் போட்டுட்டு, நாசில் ஓட்டை மேல சாக்கு போட்டு மூடிட்டு, பிஸ்டன் மேல இருக்கிறதெல்லாம் வெளிய வர்ற வரைக்கும் செல்ப் அடிங்க, நேரா குனிஞ்சு பாக்காதீங்க, பீச்சி கண்ணுல அடிக்கும். மூணாவது சிலிண்டரோட உள் சுவர், அதான் லைனர், அதுல குழி விழுந்திருந்தா ஸ்டார்ட் ஆனாலும் புகை தள்ளும், அப்படின்னா ஹெட்ட தொறந்துதான் ஆகணும், அந்த செலவுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க. கிளட்ச் பிளேட்டும் ஒட்டியிருக்கும், இன்னைக்கே பெடல அமுக்கி கட்டை கொடுத்து கட்டி வையுங்க.