டாப்12 இல்லாவிட்டால் எலும்பும் மூளையும் ஏன் சேர்ந்தே கெடுகின்றன?

முதுநகர் மாணவி:
புதுச்சேரியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். வியாழக்கிழமை செமினார். தலைப்பு டாப்12. செல்சவ்வை ஊடுருவி நிற்கும் அடாப்டர் புரதம், மொத்தமே 113 அமினோ அமிலம். ஒத்திகையில் தோழி ஒருத்தி கேட்டாள்: "என்கே செல்லில், அதாவது கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் வெள்ளணுவில், இருப்பது என்கிறாய். அது இல்லாதவர்களுக்குத் தொற்றுநோய்தானே வரணும்? கணுக்கால் எலும்பு ஏன் ஒடிகிறது, நாற்பது வயதுக்குள் புத்தி ஏன் தடுமாறுகிறது?" கடலூர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனைதான். யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
உன் தோழி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள், கண்ணு. எங்கள் வீடு சில்வர் பீச்சுக்குப் பக்கம். உப்புக்காற்றில் காலிங் பெல் ஒயர் அரித்துப்போகும். வாசலில் சுவிட்ச் நன்றாக இருக்கும், உள்ளே மணியும் நன்றாக இருக்கும், ஆனால் சத்தம் வராது. டாப்12 அந்த ஒயர். ட்ரெம்2 என்ற ஏற்பிப் புரதம் வாசல் சுவிட்ச். சவ்வுக்குள் ட்ரெம்2-இன் லைசினும் டாப்12-இன் அஸ்பார்டிக் அமிலமும், நேர்மின்னும் எதிர்மின்னுமாக, ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. செல்லுக்கு உள்ளே டாப்12-இன் வாலில் உள்ள ஐடாம் என்ற பகுதியில் பாஸ்பேட் ஏறியதும் சிக் என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) வந்து ஒட்டும். அதுதான் மணி.

இந்த ஜோடி எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்டிலும் உண்டு, மூளையில் குப்பை அள்ளும் மைக்ரோகிளியாவிலும் உண்டு. இரண்டும் மேக்ரோபேஜ் குடும்பம். அதனால் அடி இரண்டு இடத்திலும் விழுகிறது. இப்படி எலும்பும் மூளையும் சேர்ந்து கெடுவதற்குப் பெயர் நாசு-ஹாக்கோலா நோய். ட்ரெம்2 ஜீன் பழுதானாலும் அதே நோய்தான். சுவிட்ச் போனால் என்ன, ஒயர் போனால் என்ன! என்கே செல்லுக்கு வேறு ஒயர்களும் இருப்பதால் தொற்று பெரிதாகத் தெரிவதில்லை.

முதுநகர் மாணவி:
டீச்சர், கும்பிட்டேன். ஒரு சந்தேகம். எலும்பைக் கரைக்கும் செல் மந்தமானால் எலும்பு கெட்டிப்படத்தானே வேண்டும்?

லாஸ்பேட்டை லேப்:
டாப்12 நீக்கிய எலியில் அப்படித்தான், எலும்பு கூடுகிறது. ஆனால் மனிதரில் மணிக்கட்டு, கணுக்கால் எலும்புகளில் கொழுப்பு நிறைந்த நீர்க்கட்டி மாதிரிக் குழிகள். இருபதுகளில் வலி, லேசாகத் தடுக்கினாலே முறிவு. முப்பதுகளில் குணம் மாறும், அப்புறம் மறதி. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் நோய். ஜப்பானிலும் பின்லாந்திலும் 1970-களில் விவரித்தார்கள், டாப்12 ஜீன்தான் காரணம் என்று 2000-இல் தெரிந்தது. எலிப் படத்தின் கீழே 'எலி' என்று பெரிதாக எழுதிவிடும்மா. அங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள்.